சாம்பிள்காரரின் ஒரு வார முதலாளிகள்

மண்ணரையில் எங்கள் வீதிக்காரர்கள் ஒருவர் விடாமல் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளிகளாக இருந்தவர்கள். டீக்கடைக்காரர், அயன் வண்டிக்காரர், பால் ஊற்றுகிறவர், கோயில் பூசாரி, பிசிர் வெட்டுகிற நான், எல்லோரும்தான். ஆளுக்கு ஒரு வாரம். வாரம் முடிந்ததும் அவரவர் பழைய பிழைப்புக்குத் திரும்பிவிட வேண்டும். திருப்பூரில் ஒருத்தன் முதலாளி ஆவதற்குள் தலைமுடி கொட்டிவிடும் என்பார்கள். சாம்பிள்காரருக்கு அதற்கு ஒரு போன் நம்பரும் ஒரு மத்தியானமும் போதும்.

எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "அம்மாயி, நீ பேசறாப்லயே எழுதுனா பத்திரிகையில போடமாட்டாங்க" என்று என் பேச்சைத் துவைத்துப் பிழிந்து காயப்போடுகிறாள். அதில் கொஞ்சம் சாயம் போயிருந்தால் நான் பொறுப்பில்லை.

சாம்பிள்காரருக்குப் பேர் என்னவென்று வீதியில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தார். வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்வான். அதற்குக் காசு கிடையாது. அதைத் தைக்கிறவர்தான் சாம்பிள் டெய்லர். பத்துப் பேர் சாம்பிள் வாங்கினால் ஒருத்தன் ஆர்டர் கொடுப்பான். மற்ற ஒன்பது பேரும் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டு அழகு பார்ப்பார்கள் என்பது இவருடைய தீர்மானம். அந்தக் கோபத்திலேயே வேலையை விட்டுவிட்டு, வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில் நான்கு மிஷின் வைத்து பவர்டேபிள் ஆரம்பித்தார். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டித் தருகிற துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பதற்குத்தான் பவர்டேபிள் என்று பேர். அங்கே நானும் இன்னும் நாலைந்து பெண்களும் வேலை பார்த்தோம். தைத்து வருகிற பனியனில் தொங்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது என் வேலை. அதுதான் பிசிர் வெட்டுவது.

ஆள் ஒல்லி. கழுத்தில் இஞ்சு டேப் எப்போதும் தொங்கும். கல்யாணத்துக்குப் போனாலும் தொங்கும், எழவுக்குப் போனாலும் தொங்கும். யாராவது எதிரே நின்று பேசினால் பேச்சைக் கேட்க மாட்டார். கை தானாகப் போய் அவர்கள் சட்டைக் காலரைத் திருப்பித் தையலைப் பார்க்கும். ஒருமுறை தாராபுரம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் கைமடிப்பை இப்படித் திருப்பப் போய், பளாரென்று கன்னத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்.

"வலிக்குதுங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"வலி கெடக்கட்டுங்க அக்கா. அந்த ஆளு சட்டையத்தான் நெனச்சா வெசனமா இருக்குது. ரெண்டு தண்ணிக்குத் தாங்காது."

பெரிய கம்பெனிக்கும் ஏஜென்டுக்கும் போகாமல் நேராகப் பையரிடம் ஒரு ஆர்டர் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே ஆசை. ஆனால் பையர் எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சமயத்தில்தான் வீதி முனையில் நெட் சென்டர் திறந்தார்கள். அங்கே வேலைக்கு இருந்தவள் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். உலகத்துப் பையர்களெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு வெப்சைட் இருப்பதாக ஸ்டெல்லாதான் இவருக்குச் சொன்னாள். அவர்கள் விலாசத்தைத் தர மாட்டார்களாம். நம் சரக்கின் போட்டோவோடு நாலு வரி எழுதி அந்த வெப்சைட்டுப் பெட்டியில் போட்டால், பையர் பார்த்துவிட்டு அதே பெட்டியில் பதில் போடுவானாம். வருஷச் சந்தாவைக் கேட்டால் நான்கு மிஷினையும் விற்க வேண்டியிருக்கும். ஆனால் முதல் ஒரு வாரம் இலவசம்.

"எலவசமுங்களா?" என்று சாம்பிள்காரர் எழுந்து நின்றுவிட்டாராம்.

"ஆமா அண்ணாச்சி. சும்மா பாத்துக்கிடுறதுக்கு. ட்ரையலுன்னு சொல்லுதாவ. ஆனா ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு தடவதான்."

"அப்படின்னா அது சாம்பிளுங்க அம்மிணி! இத்தன வருசமா நான் அவனுக்குக் குடுத்தேன். இப்ப அவன் எனக்குக் குடுக்கறான்!"

இதிலிருந்து பிடித்த பிடியை அவர் விடவில்லை. ஒரு கம்பெனிக்கு ஒரு தடவைதானே? கம்பெனியைக் கூட்டிவிட்டால் போயிற்று.

முதல் கம்பெனி அவர் மனைவி சரசுவின் பேரில். சரஸ்வதி நிட்வேர்ஸ். விண்ணப்பித்தவர் நிஜமான ஆள்தானா என்று பார்க்க வெப்சைட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து போன் போட்டு விசாரிப்பார்கள். அதற்கு வெரிஃபிகேஷன் என்று பேர். எங்கள் வாயில் அது வெரிவிகேசன், வெரிவேசன் என்று தேய்ந்து கடைசியில் 'வேசன்' ஆகிவிட்டது. "இன்னைக்கு யாருக்குங்க வேசன்?" என்று வீதியில் கேட்டுக்கொள்வோம்.

சரசுவுக்கு வேசன் வந்தபோது அவள் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. "மேடம், சரஸ்வதி நிட்வேர்ஸ் புரொப்ரைட்டர் நீங்கதானா?"

சரசு போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, நாந்தானான்னு கேக்கறா."

"நீதான்னு சொல்லு!"

"நாந்தான் கண்ணு" என்றாள். வெட்கத்தில் அவள் முகம் பொங்கல் பானைபோல் ஆகிவிட்டது. சாம்பிள்காரர் அன்றிலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "முதலாளியம்மா, பாபின் தீந்துபோச்சுங்க. முதலாளியம்மா, ரசத்துல உப்பு இல்லீங்க." அவளும் ஏற்றுக்கொண்டாள். "சம்பளத்தப் புடிச்சுருவேன்" என்று மிரட்டுவாள்.

அந்த ஒரு வாரத்தில் சரசு தைத்த குழந்தைச் சட்டையைப் போட்டோ எடுத்துப் பையர்களுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தைக்குத் தலை வழியாக மாட்டினால் அது வீறிட்டு அழும் அல்லவா? இது பக்கவாட்டில் சுற்றி முடிச்சுப் போடுகிற சட்டை. முடிச்சு குத்தாமல் இருக்க உள்ளே ஒரு மெத்தென்ற மடிப்பு வைத்திருந்தாள். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. இதெல்லாம் அவளுக்கு எப்படித் தோன்றியதோ, நான் கேட்கவில்லை. போட்டோவின் ஓரத்தில் அவள் கால் கட்டைவிரலும் விழுந்துவிட்டது. "விரலை வெட்டிடலாமா அண்ணாச்சி?" என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, "வெட்டாதீங்க, முதலாளியம்மா காலு" என்று சொல்லிவிட்டார்.

வாரம் முடிந்தது. பதில் வரவில்லை. பெட்டி மூடிக்கொண்டது. அடுத்த கம்பெனிக்கு ஆள் தேடி வீதியில் இறங்கினார்.

டீக்கடைக்காரருக்கு எல்லாவற்றையும் உருப்போட வைத்திருந்தார். ஆனால் வேசன் வந்த நேரம் கடையில் கூட்டம். சென்னைப் பெண், "சார், நீங்க என்ன சப்ளை பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பழக்க தோஷத்தில், "பார்சலுங்களா, இங்கியே சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கம்பெனி பிறக்கும்போதே செத்துவிட்டது.

அயன் வண்டிக்காரர் வேசனில் பாஸ். அதன் பிறகுதான் தொல்லை. ஒரு வாரம் அயன் பெட்டியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "ஏனுங்க, முதலாளி வந்து துணி தேய்க்கறதுங்களா? வெளிநாட்டுக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?" வீதி முழுக்கக் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனது.

எனக்கு வேசன் வந்தது ரேஷன் கடை வரிசையில். ராமாத்தாள் எக்ஸ்போர்ட்ஸ்! மண்ணெண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன்.

"மேடம், எத்தனை மெஷின் வச்சிருக்கீங்க?"

"நாலுங்க. அதுல ஒண்ணு ரிப்பேருங்க" என்றேன். வாய்க்கு வந்துவிட்டதே. பக்கத்தில் நின்ற சரசு என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"உங்க ஈமெயில் ஐடி சொல்லுங்க மேடம்."

"அதையெல்லாம் நான் தொடறதில்லீங்க கண்ணு. ஆமா, நீ சாப்பிட்டயா? கொரலு ஏன் இப்படிக் கம்மிக் கெடக்குது?"

அவ்வளவுதான். அந்தப் பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லையாம். எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். பேசி நின்றுபோனதாம். அழுதாள். சுக்குக் கஷாயம் எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். என்னைச் சோதிக்கக் கூப்பிட்ட பிள்ளையின் மூன்று தலைமுறையை நான் விசாரித்து முடித்தபோது ரேஷன் கடையை மூடியிருந்தார்கள். மண்ணெண்ணெய் போச்சு. கம்பெனி பாஸ்.

ஆனால் அதே பிள்ளைதான் பிறகு எங்களைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். பூசாரி எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து வேசன் பேசியபோது, "சார், இந்தத் தெருவில பாதிக் கம்பெனிக்குப் போன் பண்ணா பின்னாடி ஒரே மெஷின் சத்தம் கேக்குதே, கடக் கடக்னு?" என்று கேட்டாளாம். எங்கள் பழைய ஓவர்லாக்குக்கு ஒரு நொண்டிச் சத்தம் உண்டு. அன்றிலிருந்து போன் மணி அடித்தால் மிஷினை நிறுத்திவிட்டு நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். நிறுத்த வேண்டிய அவசியமும் போகப் போகக் குறைந்துவிட்டது. கரண்ட் கட் பாதி நாளை எடுத்துக்கொண்டது. மீதி நாளில் தைப்பதற்குத் துணி வரவில்லை.

அந்த வருஷம் வெளிநாட்டில் பேங்குகளெல்லாம் படுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கேயோ ஒரு பேங்க் படுத்தால் மண்ணரையில் மிஷின் ஏன் படுக்க வேண்டும்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படுத்தது. தெற்கத்திக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். வீதியில் பாதி வீட்டுக்கு வாடகை அட்டை தொங்கியது. எங்கள் ஷெட்டிலும் கத்தரியை வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரசுவும் படுத்தாள். முதலில் இருமல்தான். பஞ்சுத் தூசியில் இருக்கிறவர்களுக்கு இருமல் ஒரு சொந்தக்காரன் மாதிரி, வரும், போகும், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். இது போகவில்லை. பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். படுக்கையில் கிடந்துகொண்டே, "இன்னைக்கு யாருக்குங்க வேசன்?" என்று கேட்பாள். அந்தச் சமயத்தில் யாருக்கும் இல்லை. இருந்தாலும் சாம்பிள்காரர் தினமும் ஒரு பொய்க் கம்பெனியைச் சொல்வார். "மளிகைக் கடைக்காரருக்கு வந்துச்சுங்க முதலாளியம்மா. கேக்கறவகிட்ட அவரு துவரம்பருப்பு விலையைச் சொல்லிட்டாரு." அவள் சிரிப்பாள், இருமுவாள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை.

காரியம் முடிந்து வந்த சாம்பிள்காரரின் கழுத்தில் டேப் இல்லை. அன்றைக்குத்தான் அந்தக் கழுத்து எவ்வளவு மெலிந்தது என்று பார்த்தேன்.

மிஷின்களைக் கடனுக்குக் கொடுத்தவர் நல்ல மனுஷர்தான். துக்கம் விசாரிக்க வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது பாக்கியைக் கேட்டார். கார்த்திகை முடிவதற்குள் ஒரு ஆர்டர் கையில் இருந்தால் மிஷின் ஷெட்டில் இருக்கும், இல்லாவிட்டால் வண்டியில் ஏறும். மிஷின் ஏறினால் நாங்களும் அவரவர் வழியைப் பார்க்க வேண்டியதுதான். எங்களை யார் எடுப்பார்கள், பெரிய கம்பெனியே ஆளைக் குறைக்கிற நேரத்தில்?

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா குடையில்லாமல் மழையில் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி! சரசக்கா பேருக்கு டென்மார்க்ல இருந்து பதில் வந்து கெடக்கு!"

நாங்கள் கத்தரியைக் கீழே வைத்தோம்.

"என்ன எழுதியிருக்கானுங்க?" என்றார் சாம்பிள்காரர்.

"அதத்தான் தொறக்க முடியல. 'குழந்தைச் சட்டை பற்றி'ன்னு மேலாப்புல மட்டும் தெரியுது. சந்தா கட்டணும், இல்லன்னா, பதில் வந்த கம்பெனிக்கு மட்டும் இன்னொரு வாரம் இலவசமா நீட்டித் தருவாவளாம். ஆனா இப்ப போன்ல கேக்குறதில்ல. பொய்க் கம்பெனி ரொம்பப் பெருத்துப் போச்சாம். கோயம்புத்தூர்ல இருந்து ஆள் நேர்ல வருவாவளாம். முதலாளி யாரோ அவங்க முகத்தையும் கார்டையும் பாத்துட்டுத்தான் தொறப்பாவளாம்."

பொய்க் கம்பெனி பெருத்துப்போனதில் எங்கள் வீதிக்கும் நல்ல பங்கு உண்டு.

முதலாளி யார்? சரஸ்வதி. முகம் எங்கே?

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "தம்பி, நான் சரசுவா நிக்கறனுங்க. எனக்கென்ன, முன்னாடியே ஒருக்கா முதலாளியா இருந்தவதான."

அவர் உள்ளே போய்ச் சரசுவின் ஓட்டு அட்டையை எடுத்து வந்து ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார். அந்த அட்டையில் போட்டோ எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கரிச்சட்டிக்கு மூக்குத்தி போட்ட மாதிரி. சரசுவைவிட அது என்னைப் போலத்தான் இருந்தது. துணியை மடித்துக் கொடுக்கிற பிள்ளைகள் என்னையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அந்தத் துக்கத்திலும் களுக்கென்று சிரித்தார்கள்.

ஒத்திகை நடந்தது. ஸ்டெல்லாதான் ஆபீசர்.

"பேர் என்னம்மா?"

"ரா... சரஸ்வதிங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அட்டையிலும் அந்த வரி அழிந்துபோயிருந்தது. "உங்க பேரு என்னங்க தம்பி?" என்று அவரையே கேட்டேன். சொன்னார். நல்ல பேர். சாமி பேர். இங்கே சொல்ல மாட்டேன். சாம்பிள்காரர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். நான் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஸ்டெல்லா மறுபடி கேட்டதும் பட்டென்று சொன்னேன்.

"யக்கா, கெடுத்தியளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஸ்டெல்லா. "உங்க ஊர்ல எந்தப் பொம்பள புருசன் பேர இப்படி வெடுக்குன்னு சொல்லுதா? கொஞ்சம் இழுங்க. முந்தானைய வாயில வைங்க."

அதுவும் சரிதான். என் வீட்டுக்காரர் பேரை நான் ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக்கூடச் சொன்னதில்லை, கூட வந்தவர்களைக் காட்டிவிடுவேன். ஆனால் இன்னொருத்தி புருஷன் பேருக்கு வெட்கம் எங்கிருந்து வரும்? நாள் முழுக்க வெட்கப்படப் பழகினேன். வெட்கம் வந்தபோது பேர் மறந்தது, பேர் வந்தபோது வெட்கம் மறந்தது.

ஆபீசர் வருகிற அன்று காலையில் ஒருத்தி, "அக்கா, இந்தப் பழைய சீலையில முதலாளின்னா யாரு நம்புவா?" என்றாள். சாம்பிள்காரர் உள்ளே போய்ச் சரசுவின் பெட்டியைத் திறந்தார். ஒரு சேலை எடுக்க இவ்வளவு நேரமா என்று நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஊதாச் சேலை ஒன்றைக் கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். கட்டிக்கொண்டேன். அதில் அவள் பூசுகிற மஞ்சளின் வாசம் இருந்தது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தேன். அவர் எதிரே நின்று பார்த்தார். பார்த்துவிட்டுச் சடாரென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீசர் என்றதும் நான் யாரையோ நினைத்திருந்தேன். வந்தவன் சின்னப் பையன். மழையில் ஷூ நனைந்து நடக்கும்போது பொதக் பொதக்கென்றது. டை கட்டியிருந்தான். வாசலிலேயே ஷூவைக் கழற்றப் போனான். "பரவால்லீங்க சாமி, வாங்க" என்று கூப்பிட்டு ஸ்டூல் போட்டோம். அட்டையைப் பார்த்தான். ஷெட்டைப் பார்த்தான். மேஜையில் வைத்திருந்த குழந்தைச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்றான். எனக்கு உயிர் வந்தது. தோழிகள் முகமெல்லாம் தெளிந்துவிட்டது. ஸ்டெல்லா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ சொன்னாள்.

"அப்ப, நீங்கதான் சரஸ்வதிங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

முந்தானையை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். நாக்கு நுனியில் வார்த்தை தயாராக இருந்தது.

"இல்லீங்க" என்றார் சாம்பிள்காரர்.

எல்லோரும் திரும்பினோம்.

"இவங்க எங்களுக்குப் பிசிர் வெட்டற அக்காங்க. சரஸ்வதி என்ற ஊட்டுக்காரி. அவ போயிட்டாளுங்க. இந்த ஐப்பசியில."

பையன் பேனாவை மூடினான், திறந்தான். "சார், அப்படின்னா... புரொப்ரைட்டர் இல்லாம நான் ஓகே பண்ண முடியாதுங்க."

"தெரியுமுங்க."

"நீங்க உங்க பேர்ல புதுசா..."

"அதுல அந்த லெட்டரு வராதுங்களே."

"வராதுங்க." பையனுக்கும் முகம் விழுந்துவிட்டது. "ஹெட் ஆபீசுக்கு எழுதிப் பாக்கறேன் சார். பிராமிஸ் பண்ண முடியாது."

"பரவால்லீங்க. குடை இருக்குதுங்களா உங்களுக்கு? இந்தாங்க, இதக் கொண்டுபோங்க."

குடையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்! அந்த வீட்டில் இருந்ததே ஒரு குடை.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹெட் ஆபீசிலிருந்து ஒன்றும் வரவில்லை. டென்மார்க்காரன் என்ன எழுதினான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "ஆயிரம் டஜன் கேட்டிருப்பான்" என்பாள் ஸ்டெல்லா. "ஒரு சாம்பிள் சும்மா அனுப்புன்னு கேட்டிருப்பான், வேறென்ன?" என்பார் சாம்பிள்காரர். கார்த்திகைக் கடைசியில் மிஷின்கள் வண்டியில் ஏறின. அவர் முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் மறுபடியும் சாம்பிள் டெய்லராகச் சேர்ந்தார். நாங்கள் ஆளுக்கொரு திசையில் போனோம். எனக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்தது. வருஷக் கணக்கில் நூலையே பார்த்த கண்ணுக்கு எச்சில் இலை பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அன்றைக்கு, பையன் பொதக் பொதக்கென்று மழையில் இறங்கிப் போனதும், எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை பேர் கஞ்சி ஒரு 'ஆமாங்க'வில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நின்று கேட்டேவிட்டேன்.

"என்னுங்க தம்பி இது? டீக்கடைக்காரரு பொய் சொல்லலாம், பூசாரி பொய் சொல்லலாம், சாமி காரியம் பாக்கறவரு! நான் ஒரு வார்த்த சொன்னா ஆகாதுங்களா? எங்க பொழப்பெல்லாம் போச்சுங்களே!"

அவர் மேஜையில் கிடந்த குழந்தைச் சட்டையின் முடிச்சை அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

"தப்புதானுங்க அக்கா. உங்க எல்லாத்துக்கும் நான் பண்ணுனது பெரிய தப்பு. அந்தப் பையன் கேட்டானுங்களே, நீங்கதான் சரஸ்வதிங்களான்னு. அவ மிஷின்ல, அவ சீலையில உக்காந்துட்டு நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, அந்தப் பையன விடுங்க, நான் நம்பியிருப்பனுங்க. நாளைக்குக் காலையில எந்திரிச்சு, அவ இல்லைன்னு திரும்ப மொதல்ல இருந்து தெரிஞ்சுக்கோணும். ஒருக்கா தெரிஞ்சுக்கிட்டதே போதுமுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கிளம்பினால் வேலை முடிந்துபோய்விடும் என்பது போல, வெட்டிய பிசிரையே மறுபடி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து மூலையில் இருந்த அடுப்பைப் பற்ற வைத்தார். அந்த மனுஷர் அடுப்புப் பக்கம் போய் நாங்கள் பார்த்ததில்லை. தீக்குச்சி நாலைந்து அணைந்தது. பால் பொங்கி வழிந்தது. ஒரு வழியாக எல்லோருக்கும் டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொருத்தி முன்னாலும் குனிந்து வைத்தார். ஸ்டெல்லாவுக்கு ஒரு டம்ளர். எனக்கு ஒரு டம்ளர்.

வாயில் வைத்தேன். சர்க்கரையே போடவில்லை. தூள் மட்டும் கைநிறையப் போட்டிருக்கிறார். வேப்பம்பட்டைக் கஷாயம் தோற்றுவிடும். ஓரக்கண்ணால் மற்றவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முகமும் சுளிக்கவில்லை.

"எப்படீங்க இருக்குது? நான் போட்டுப் பழக்கமில்லீங்க" என்று என் எதிரில் வந்து நின்றார்.

"நல்லாருக்குதுங்க தம்பி" என்றேன்.

"நெசமாலுமுங்களா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்க" என்று டம்ளரை நீட்டினேன்.